ஆயிரம் ரூபாய் எந்தத் தேதியில் வருகிறது?

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு மழை பெய்தால் வேலை இல்லை. வெட்டின வழியே சிரட்டைக்கு இறங்க வேண்டிய பால், பட்டை நனைந்திருந்தால் தடம் மாறி மரத்தைச் சுற்றி வழிந்துவிடும். சிரட்டையில் விழுந்ததும் மழைத் தண்ணீரோடு கலந்து வீணாகும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் ஜூன், ஜூலையில் ஒரு தடவையும் அக்டோபர், நவம்பரில் இன்னொரு தடவையும் வருமானம் இறங்கும். பிப்ரவரி வாக்கில் மரம் இலை உதிர்க்கும்போது சில வாரம் வெட்டே இருக்காது. கடற்கரைக்கு வேறு தேதிகள். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரைத் தேதியும் மேற்குக் கடற்கரைத் தேதியும் இந்த ஒரே மாவட்டத்துக்குள் வருகின்றன.

வறுமை என்றதும் வருமானம் குறைவு என்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் கிராமத்து ஏழை வீட்டில் அதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. வருகிற கொஞ்சப் பணமும் சீராக வராது. அரிசிக்கும் மாத்திரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாதாமாதம் செலவு உண்டு, கூலி அப்படி மாதாமாதம் வருவதில்லை. நேரடிப் பண உதவி ஒரு குடும்பத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க, இந்த இடைவெளியிலிருந்து தொடங்குவதே சரி.

எது நேரடிப் பண உதவி

பொருளாகத் தராமல், கடனாகத் தராமல், வேலைக்குக் கூலியாகவும் தராமல் பணத்தை நேராகக் குடும்பத்தாரின் கணக்கில் போடுவது நேரடிப் பண உதவி. ரேஷன் அரிசி பொருள் உதவி. மகளிர் குழு வழியாக வருவது கடன். நூறு நாள் வேலையில் வருவது கூலி. ஒரே வீட்டில் இந்த நான்கும் கலந்திருக்கும் என்பதால் பலர் எல்லாவற்றையும் ‘கவர்ன்மெண்ட் பணம்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் போடும்போது பிரித்துப் பார்ப்பது நல்லது.

பண உதவியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, எதையாவது செய்தால்தான் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி அப்படிப்பட்டது. 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. கர்ப்பத்தைச் சீக்கிரமே பதிவு செய்ய வேண்டும், பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்தந்தப் படி முடிந்தால் அந்தந்தத் தவணை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இந்த வகைதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் படிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் வரும். 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இதில் சேர்த்தார்கள். திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்த மாவட்டத்துக்கு அது பெரிய மாற்றம்.

இன்னொரு வகையில், தகுதி இருந்தால் போதும். பணத்தை எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. தொடங்கியபோது வைத்த விதிகள் இவை: பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். விவசாயிகளுக்கு மத்திய அரசின் பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. இதில் ஒரு குறை உண்டு. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து வாழை போடுகிறவர் காற்றில் குலை சாய்ந்து நஷ்டப்பட்டாலும் அவர் பெயர் அந்தப் பட்டியலில் வராது.

ஒரு வீட்டின் கணக்கு

விளக்கத்துக்காகத் திருவட்டாறு வட்டத்தில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர் பால் வெட்டுகிறார், 300 மரத்துக்கு நாள் கூலி 600 ரூபாய். மனைவி அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறார், கொட்டை வரத்து இருக்கும் மாதம் 6,000 ரூபாய் கிடைக்கும். மாமியாருக்கு வயது 68. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் எட்டாம் வகுப்பு. மாதச் செலவு 15,000.

நல்ல மாதம் 22 நாள் வெட்டு. 13,200 கூலியும் 6,000மும் சேர்ந்து 19,200. செலவு போக 4,200 மிச்சம். ஜூனில் மழையால் 9 நாள்தான் வெட்டு என்றால் 5,400 கூலியும் 6,000மும் சேர்ந்து 11,400. 3,600 ரூபாய் துண்டு விழுகிறது. ஜூலையும் அப்படியே போனால் 7,200.

ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இந்தக் குடும்பம் பட்டினி கிடக்கிற குடும்பமாகத் தெரியாது. தெரியாததுதான் சிக்கல். நல்ல மாதத்து மிச்சம் கெட்ட மாதத்துக்குப் போய்ச் சேரும் வழியில் வட்டி அதைத் தின்றுவிடுகிறது. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60 விழுக்காடு. தண்டல் இதைவிட மோசம். 10,000 என்று எழுதி, 1,500ஐ முன்பே பிடித்துக்கொண்டு 8,500ஐக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்தைந்நூறுதானே” என்று தோன்றும். கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதற்கு மேல், மழை நாளிலும் அந்த நூறு ரூபாயைக் கட்டியாக வேண்டும்.

இப்போது இதே வீட்டில் மனைவிக்கு 1,000, மாமியாருக்கு 1,200, மகளுக்கு 1,000 என்று 3,200 ரூபாய் மாதாமாதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வீட்டில் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர் இருந்தால் மகளிர் உரிமைத் தொகை கிடையாது என்பது முதலில் இருந்த விதி. ஓய்வூதியம் வாங்காத தகுதியுள்ள பெண் அதே வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தினார்கள். பழைய விதியை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்கள் உண்டு.) ஜூன் மாதத்துத் துண்டு 3,600லிருந்து 400ஆகச் சுருங்குகிறது. 400 ரூபாயைப் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கலாம், வட்டி கிடையாது. தண்டல்காரரிடம் போக வேண்டியதில்லை, காதில் கிடக்கும் கம்மலைக் கழற்ற வேண்டியதில்லை. தொகை சிறியது என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். நாளுக்குப் பிரித்தால் ஆயிரம் ரூபாய் என்பது 33 ரூபாய்தான், உண்மை. ஆனால் அந்த 33 ரூபாய் மழையைப் பார்த்து நிற்காது, அண்டி ஆபீஸ் பூட்டினாலும் வரும். அதன் மதிப்பில் பாதி அந்த உறுதியில் இருக்கிறது.

கடைக் கணக்கிலும் இந்த மாற்றம் தெரியும். பற்று வைத்து வாங்குகிறவருக்கு ஒரே கடைதான். விலை கூட இருந்தாலும் அடுத்த கடைக்குப் போக முடியாது, சரக்கு மட்டமாக இருந்தாலும் வாய் திறக்க முடியாது. எண்ணெயைச் சிறு பாக்கெட்டில் அன்றன்றைக்கு வாங்கினால், லிட்டராக வாங்குவதைவிடச் சொட்டுக்குச் சொட்டு விலை கூடுதல். கையில் ரொக்கம் இருக்கும் வாரம் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயும் இரண்டு கிலோ பயறும் சேர்த்து வாங்க முடிகிறது. சாப்பாட்டில் மாற்றம் அரிசியில் தெரியாது, அரிசி ரேஷனில் வந்துவிடும். கூடவே போகிறதில்தான் தெரியும். வெறும் மரச்சீனிக் கிழங்கு அவித்த இடத்தில் அதோடு சாளைக் கறியும் வரும், வாரத்துக்கு இரண்டு முட்டை கூடும்.

மருத்துவத்திலும் அப்படியே. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு முதியவரை அங்கே கூட்டிக்கொண்டு போய்வர ஒரு முழு நாள் ஆகும். கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி போகும், இருவருக்கும் சாப்பாட்டுச் செலவு உண்டு. இந்த 700, 800 ரூபாய் இல்லாததால்தான் சர்க்கரை மாத்திரை தீர்ந்த பிறகும் “அடுத்த வாரம் போவோம்” என்று தள்ளிப்போடுகிறார்கள். காலில் புண் வந்த பிறகு போனால் செலவு பல மடங்கு.

மாதாமாதமா, மொத்தமாகவா

பணம் எந்த உருவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து அது செய்யும் வேலையும் மாறும். ஆப்பிரிக்காவின் கென்யாவில் 2011ஐ ஒட்டி ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையின்றிப் பணம் கொடுத்து ஆராய்ந்தார்கள். சிலருக்கு மாதாமாதம், சிலருக்கு மொத்தமாக. மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டுக் கஷ்டம் குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் நிலைத்து நிற்கும் பொருள்களை வாங்கினார்கள், குறிப்பாகக் கூரைத் தகடு. புல்வேய்ந்த கூரையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டும். தகடு போட்டால் அந்தச் செலவு பல ஆண்டுகளுக்கு நின்றுவிடும். நம் ஊரில் கிடுகு மேய்ந்த வீட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஓலைக்கும் ஆள்கூலிக்கும் செலவழிப்பது வீண் என்று அவர்களுக்குத் தெரியும். ஓடு போடுவதற்கான மொத்தப் பணம் ஒரே நாளில் கையில் சேராததுதான் தடை.

மாதத் தொகையை மொத்தத் தொகையாக மாற்ற நம் பெண்கள் கண்டுபிடித்த வழி சீட்டு. பத்துப் பேர் மாதம் 1,000 போட்டால் பத்து மாதத்தில் ஒரு தடவை 10,000 கையில் வரும். ஆடு வாங்கலாம், தையல் மெஷின் வாங்கலாம், அடகு நகையைத் திருப்பலாம். தெரிந்தவர்களுக்குள் நடக்கும் சிறு சீட்டு வரை சரி. ஊர் பெயர் தெரியாதவர் நடத்தும் பெரிய சீட்டில் உரிமைத் தொகையைக் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

மொத்தமாக வரும் பணத்துக்கு நேரம் மிக முக்கியம். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ஆக இருந்தது, 2023இல் 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள். 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். இந்த 8,000 தடையின் முதல் வாரத்தில் வந்தால் அரிசியும் பள்ளிக்கூடச் செலவுமாகப் போகும். ஐந்தாவது வாரத்தில் வந்தால் அதற்குள் வாங்கிய கடனுக்கும் வட்டிக்கும் நேராகப் போய்விடும், வீட்டுக்குள் நுழையாது. தொகை ஒன்றுதான், பலன் வேறு. நிவாரணம் பற்றிய பேச்செல்லாம் தொகையைச் சுற்றியே நடக்கிறது. தேதியைச் சுற்றியும் நடக்க வேண்டும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேமிக்க, மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. அதற்கும் இதே விதி பொருந்தும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலோரத்தில் பல வீடுகள் உழைக்கும் ஆணையே இழந்தன. உள்நாட்டில் ரப்பரும் வாழையும் முறிந்து விழுந்தன. முறிந்த ரப்பருக்குப் பதில் புதுக் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட அடிக்கு ஒரு தடவை தரும் நிவாரணம் போதாது. மாதத் தொகை ஒன்று தொடர்ந்து வந்தால்தான் அந்த இடைக்காலத்தைத் தாண்ட முடியும்.

யார் கையில்

பெண்ணின் கணக்கில் வரும் பணத்துக்கும் ஆணின் கணக்கில் வரும் பணத்துக்கும் வேறுபாடு உண்டா? உண்டு. அதைக் குணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், பொறுப்பைப் பாருங்கள். அடுப்பும் பிள்ளையும் யார் பொறுப்போ, பணம் அங்கே வந்தால் இடையில் கேட்டு வாங்கும் படி குறைகிறது. மாமியாரின் 1,200ஐப் பாருங்கள். அது மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் போகலாம், பேரனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுக்கவும் போகலாம். மகனிடமும் மருமகளிடமும் கை நீட்டாமல் அதைச் செய்கிறார். வீட்டில் அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது. மகளின் 1,000 அவள் கணக்கிலேயே வருவதால் தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் “படிப்பை நிறுத்திவிடலாமா” என்ற பேச்சு எழுவது குறைகிறது.

குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பயத்தைப் பலர் சொல்கிறார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 2014இல் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. குடிக்கிறவர் உதவி வருவதற்கு முன்பும் குடித்தார் என்பதுதான் நிலை. உழைக்க மாட்டார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள், வேலை செய்வது குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பெண் தொழிலாளர் அமைப்பான சேவாவும் யுனிசெஃபும் 2011, 2012இல் எட்டுக் கிராமங்களில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100 என்று கொடுத்துப் பார்த்தபோது, சிறு விவசாயிகள் அடுத்தவர் நிலத்துக் கூலியைக் குறைத்துச் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். இங்கே கணக்கு இன்னும் எளிது. ஒரு மாதத்து உரிமைத் தொகை பால் வெட்டுகிறவரின் இரண்டு நாள் கூலிகூட இல்லை. அதை நம்பி யார் கத்தியைக் கீழே வைப்பார்?

ஊருக்குள் விலைவாசி ஏறிவிடும் என்பதற்கும் பதில் உண்டு. கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஆயிரம் டாலர் அளவில் கொடுத்தபோது விலை ஏறியது 0.1 விழுக்காட்டு அளவே. பணம் வாங்காத பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் கூடியது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்கு வேலை செய்தது.

பணம் உதவாத இடமும் உண்டு. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் போக வேண்டிய காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் ஏ.டி.எம். கிடையாது, மலிவுக் கடையும் பக்கத்தில் இல்லை. அங்கே 1,000 ரூபாயைவிட வாசலுக்கு வரும் அரிசி பெரியது. 2015இல் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணம் போட்டபோது, கிடைத்த பணம் கடை விலைக்குப் போதவில்லை என்ற குறை எழுந்தது. ரேஷனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது பணம். ரேஷனை எடுத்துவிட்டுக் கொடுத்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. பள்ளிக்கு ஆசிரியரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்தையும் இந்தப் பணம் கொண்டுவராது.

பணம் வரும் வழி, தடங்கும் இடம்

“எனக்கு வரவில்லை” என்று சொல்பவர்களில் பலருக்குப் பணம் அனுப்பப்பட்டிருக்கும், எங்கோ தடங்கி நிற்கும். எங்கே என்று கண்டுபிடிக்க, பணம் வரும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆதார் வழியாக அனுப்பும்போது அரசு உங்கள் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை, ஆதார் எண்ணைத்தான் அனுப்புகிறது. தேசியப் பணப் பரிமாற்றக் கழகத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒரே ஒரு வங்கியின் பெயர் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை ‘சீடிங்’ (உதவிப் பணம் வருவதற்கான இணைப்பு) செய்தீர்களோ, அந்த வங்கி. பணம் அங்கேதான் போகும். ஒரு பெண்ணுக்குக் குழுக் கடனுக்கு ஒரு கணக்கு, நூறு நாள் வேலைக்கு ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று என்று மூன்று இருப்பது இங்கே சாதாரணம். அவர் முதல் கணக்கின் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார், பணம் மூன்றாவதில் மாதக்கணக்காகச் சேர்ந்து கிடக்கும். கைபேசியில் \*99\*99\*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் இணைந்திருக்கிறதா என்று தெரியும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயரும் தெரியும். ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது அடையாளத்துக்கு மட்டும். உதவிப் பணம் வர, சீடிங் செய்யச் சம்மதம் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பெயர். குடும்ப அட்டையில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் வீட்டுப் பெயர், பாஸ்புக்கில் இனிஷியல் முன்னும் பின்னுமாக. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். முதலில் ஆதாரைத் திருத்தி, அதைக் காட்டி மற்ற இரண்டையும் திருத்துவதுதான் அலைச்சல் குறைந்த வரிசை.

இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாத பழைய கணக்கு செயலற்றதாகிவிடும். ஆதாரும் புகைப்படமும் கொண்டுபோய் அடையாளச் சரிபார்ப்பைப் புதுப்பித்தால் திறந்துவிடுவார்கள். முழு அடையாளச் சான்று கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்குக்கு வரம்பு உண்டு: ஆண்டுக்கு மொத்த வரவு 1 லட்சம், இருப்பு 50,000, மாதம் எடுப்பது 10,000. வீடு கட்டும் தவணை போன்ற பெரிய தொகை வரவிருந்தால் முன்கூட்டியே முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றோ, பழைய கடன் பாக்கி என்றோ வங்கி பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. 2023இல் உரிமைத் தொகையின் முதல் தவணையிலேயே இந்தப் புகார் எழுந்தது, 1100 எண்ணில் தெரிவிக்கலாம் என்று அரசு சொன்னது. பாஸ்புக்கில் அந்தப் பிடித்தம் பதிந்த பக்கத்தை வைத்துக்கொண்டு புகார் சொல்லுங்கள்.

விண்ணப்பமே தள்ளுபடி ஆனால், உரிமைத் தொகைக்கு 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். அது வருவாய்க் கோட்டத்துக்குப் போகும். இந்த மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். என்ன காரணம் என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகே போங்கள். வருமானமா, மின்சார யூனிட்டா, வாகனமா என்று தெரியாமல் கொடுக்கும் மனு திரும்பி வரும்.

கடைசித் தடங்கல் கைவிரல். அஞ்சலக வங்கியின் தபால்காரரோ வங்கி முகவரோ வீட்டுப் பக்கமே வந்து சிறு கருவியில் ரேகை வைத்துப் பணம் தருகிறார்கள், ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம். அண்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்ணின் விரலைப் பாருங்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் அரித்து நுனித்தோல் கறுத்து, வழவழப்பாகி, கோடுகள் மறைந்திருக்கும். கருவி மூன்று தடவையும் சிவப்பு காட்டும். கடலில் கயிறு இழுக்கிறவர் கைக்கும், ரப்பர் ஷீட்டுக்கு ஆசிட் கலக்குகிறவர் கைக்கும் இதே கதி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வையுங்கள். வலது கட்டைவிரலோடு நிறுத்திவிடாமல் பத்து விரலையும் முயன்று பாருங்கள். தேய்மானம் குறைந்த சுண்டுவிரலும் மோதிரவிரலும் பல தடவை கைகொடுக்கும். எந்த விரல் ஏற்றதோ அதை நினைவில் வையுங்கள். எதுவும் ஏற்காவிட்டால் கிளையில் கையெழுத்திட்டுப் படிவம் மூலம் எடுக்கலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கும்போது, வேலைக்குப் போகாமல் தோல் சற்று ஆறிய நாளாகப் பார்த்துப் போவது நல்லது.

விரல் வைப்பதற்கு முன் கருவியில் எவ்வளவு தொகை அடித்திருக்கிறது என்று பாருங்கள். ரேகையை ஏற்கவில்லை என்று சொல்லி மறுபடி வைக்கச் சொன்னால், முதல் தடவை தோற்றதற்கான சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகு வையுங்கள். பணத்தை எண்ணி வாங்கி, சீட்டில் எடுத்த தொகையும் மீதத் தொகையும் அச்சாகியிருப்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே தொகையையும் தேதியையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.